புள்ளியும் பதரும்

புதுச்சேரியின் கடலோர வீதிகளில் நடந்து போகிறவர்கள், தெருமுனைச் சுவர்களில் பதித்திருக்கும் நீலநிறப் பெயர்ப்பலகைகளின் முன் ஒரு கணமேனும் நிற்காமல் போவதில்லை. பிரெஞ்சிலும் தமிழிலும் வெள்ளை எழுத்துகளைத் தாங்கிய அப்பலகைகளில் ஒன்று, 1674இல் இங்கு வந்து இந்த ஊரைப் பிரெஞ்சுக்காரரின் பட்டணமாக வளர்த்த பிரான்சுவா மார்த்தேன் என்பவரின் பெயரைச் சொல்கிறது. அப்பெயரைப் பிரெஞ்சில் எழுதும்போது நடுவிலுள்ள ‘சி’ என்னும் எழுத்தின் அடியில் ஒரு சிறு வால் தொங்கும். அந்த வால் அறுந்துபோனால் பிரான்சுவா என்று ஒலிக்க வேண்டியது பிரான்குவா என்று ஒலிக்கும். அதையே தமிழில் எழுதும்போது ஈற்றிலுள்ள னகரத்தின் தலையில் ஒரு புள்ளி நிற்கும். அந்தப் புள்ளி உதிர்ந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிப் பெயரின் முடிவே திரிந்துவிடும். ஒரு மொழிக்கு எழுத்தின் காலடியிலும் மற்றொரு மொழிக்கு எழுத்தின் தலையிலும் இருக்கிற இவ்விரு துணுக்குகளையும் அலங்காரம் என்று நினைப்பவர் அந்த இரண்டு மொழிகளையும் அறியாதவர்.

இவை கணினியின் கைக்குப் போகும்போது எந்தக் கதிக்கு ஆளாகின்றன என்பதை நான் பிரத்தியட்சமாக அறிந்துகொண்டது ஒரு சிறு சம்பவத்தினால். ஓர் இணையப் படிவத்தில் என் முகவரியைத் தமிழிலேயே எழுதி, ‘பாரதி வீதி’ என்று பிழையறத் தட்டச்சுச் செய்து அனுப்பினேன். திரும்பி வந்த ரசீதில் ‘பரத வத’ என்று இருந்தது. 1908 முதல் 1918 வரை பத்தாண்டுக் காலம் இந்த ஊரில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்த மகாகவியின் பெயர், காலும் மேல்விலங்கும் கழன்று, அர்த்தமற்ற மூன்று எழுத்துகளாகக் காகிதத்தில் கிடந்ததைக் கண்டு நான் பட்ட வருத்தம் சிறிதன்று. எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் நிரல் எழுதும் தொழிலில் இருக்கிற ஓர் இளைஞரிடம் அந்த ரசீதைக் காட்டினேன். உலாவிக்குள் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட் நிரலை யாரும் திறந்து பார்க்கலாமாகையால், அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, சிறிது நேரம் தேடி, ஒரே ஒரு வரியைச் சுட்டிக் காட்டி, “ஐயா, உங்கள் பாரதியை விழுங்கியது இந்த வரிதான், வேண்டாத எழுத்துகளை நீக்குவதற்காக எழுதியது” என்றார். வேண்டாத எழுத்து எது, வேண்டிய எழுத்து எது என்று தீர்மானிப்பதில் இத்தனை விபரீதம் நேருமா என்ற கேள்வியோடு அன்று மாலை முழுவதும் அவரோடு உட்கார்ந்திருந்தேன்.

ஜாவாஸ்கிரிப்ட் என்பது, 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் முதல் உருவம் கொடுத்த நிரல்மொழி. இன்று நாம் இணையத்தில் திறக்கிற பக்கங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் நின்று, நாம் நிரப்புகிற படிவங்களை முதலில் வாங்கிப் பார்ப்பது அதுவே. நாம் எழுதுகிற பெயரையோ முகவரியையோ அது ஓர் எழுத்துச் சரமாக, மணிகளைக் கோத்த மாலையைப் போல, வைத்துக்கொள்கிறது. ஆனால் அந்த மணிகள் நாம் பள்ளியில் எண்ணிய எழுத்துகள் அல்ல என்பதே இந்த விஷயத்தில் முதன்முதலாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. ‘புதுச்சேரி’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் இரண்டாம் வகுப்புக் குழந்தையும் ஐந்து என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் பத்து என்று சொல்லும். பகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, சகரம் ஒன்று, அதன் மேல் புள்ளி ஒன்று என்று ஒவ்வொரு துணுக்கையும் அது தனி மணியாகக் கோத்திருக்கிறது. யூனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியேற்றத்தில் தமிழுக்கென்று 2944 முதல் 3071 வரை 128 ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் புள்ளிக்கு உரிய எண் 3021. நம் கண்ணுக்கு எழுத்தின் உறுப்பாகத் தெரிவது கணினிக்கு ஒரு தனி எண். தனியாக இருப்பதனால்தான் அதைத் தனியாக அழிக்கவும் முடிகிறது.

இனி, எழுத்துகளை நீக்க வேண்டிய அவசியம் ஏன் வருகிறது என்று கேட்கலாம். மனிதர்கள் எழுதுவது ஒருபோதும் சுத்தமாக வருவதில்லை. ஒருவர் பெயருக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடுகிறார். ஒருவர் தொலைபேசி எண்ணை நான்கு நான்காகப் பிரித்து நடுவில் சிறுகோடு இடுகிறார். மற்றொருவர் வாட்ஸாப்பிலிருந்தோ பழைய ஆவணத்திலிருந்தோ நகலெடுத்து ஒட்டுகையில் கண்ணுக்குத் தெரியாத குறிகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. எங்கள் ஊரில் இதற்கு ஒரு விசேஷக் காரணமும் உண்டு. பிரெஞ்சு அச்சு மரபில் கேள்விக்குறி, ஆச்சரியக்குறி, அரைப்புள்ளி ஆகியவற்றுக்கு முன்னால் ஒரு சிறிய இடைவெளி விடுவது சம்பிரதாயம். அந்த இடத்தில் வரி முறிந்து குறி மட்டும் தனித்து அடுத்த வரிக்குப் போய்விடாதிருக்க, முறியாத இடைவெளி என்னும் தனி வகையை அதற்குப் பயன்படுத்துகிறார்கள். சாதாரண இடைவெளியின் எண் 32. முறியாத இடைவெளியின் எண் 160. அதன் ஒடுங்கிய வடிவத்துக்கு எண் 8239. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல வெறும் வெள்ளையாகவே இருக்கும். ஒரு பிரெஞ்சுக் கடிதத்திலிருந்து எடுத்து ஒட்டிய பெயரை மறுநாள் தேடும்போது, எழுத்துக்கு எழுத்து சரியாகத் தட்டச்சுச் செய்தும் ‘இல்லை’ என்று பதில் வருவதற்கு இப்படிப்பட்ட ஒரு வெள்ளையே காரணமாக இருக்கலாம்.

ஓரங்களில் உள்ள வெள்ளையைக் களைவதற்கு ஜாவாஸ்கிரிப்டில் ‘டிரிம்’ என்றொரு கட்டளை 2009ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இருக்கிறது. சரத்தின் இரண்டு முனைகளையும் மட்டும் அது நறுக்கும். நடுவில் கிடப்பதைத் தொடாது. முறியாத இடைவெளியையும் அது வெள்ளை என்றே அறிந்து நீக்கிவிடும். ஆனால் அகலமே இல்லாத இடைவெளி என்று 8203ஆம் எண்ணில் ஒன்று இருக்கிறது. யூனிகோட் அதை இடைவெளிகளின் வகுப்பில் வைக்காமல் வேறு வகுப்பில் வைத்திருப்பதால், டிரிம் அதைக் கண்டுகொள்வதில்லை. எனவே டிரிம் செய்தபின் சரம் சுத்தமாயிற்று என்று நம்புகிறவர் ஏமாந்து போவார்.

நடுவில் இருப்பதை நீக்க ‘ரிப்ளேஸ்’ என்ற கட்டளையைப் பிரயோகிப்பது வழக்கம். இன்னதைக் கண்டால் அதன் இடத்தில் ஒன்றுமில்லாததை வை என்று சொன்னால் நீக்கியதாகிவிடும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கே ஓர் இடத்தில்: வெறும் எழுத்தைக் கொடுத்து ரிப்ளேஸ் செய்யச் சொன்னால், முதலில் தென்படும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு அது நின்றுவிடும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமானால் ரெஜெக்ஸ் எனப்படும் வடிவக்குறிப்போடு ‘எங்கும்’ என்று பொருள்படும் ‘ஜி’ என்ற கொடியையும் சேர்க்க வேண்டும். அல்லது 2021இல் சேர்ந்த ‘ரிப்ளேஸ்ஆல்’ என்பதைப் பயன்படுத்த வேண்டும். மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த மொழியில் ஒரு சரத்தை உண்டாக்கியபின் அதை யாராலும் மாற்ற முடியாது. ரிப்ளேஸ் செய்வதெல்லாம் மூலத்தை அப்படியே விட்டுவிட்டுத் திருத்திய புதுப் பிரதி ஒன்றைக் கையில் தருவதுதான். மூலம் அழிவது, அந்தப் புதுப் பிரதியை நாம் பழைய பெயரிலேயே சேமிக்கும்போது. ஆகவே அந்த அழிவுக்கு மொழி பொறுப்பன்று, நாமே பொறுப்பு.

இப்பொழுது என் பாரதி வீதிக்கு வருகிறேன். வேண்டாதவற்றை நீக்க இரண்டு மார்க்கங்கள் உண்டு. இன்னின்னது வேண்டாம் என்று பெயர் சொல்லி நீக்குவது ஒன்று. இன்னின்னது மட்டும் வேண்டும், மற்றவை அனைத்தும் போகட்டும் என்பது மற்றொன்று. எண்களை மட்டுமே எதிர்பார்க்கிற இடத்தில் இரண்டாவது மார்க்கம் மிகவும் சௌகரியமானது. 0413 என்ற நமது தொலைபேசிக் குறியீட்டையோ 605001 என்ற அஞ்சல் எண்ணையோ ஒருவர் எப்படிக் கோடும் இடைவெளியும் இட்டு எழுதினாலும், இலக்கங்கள் நீங்கலாக எல்லாவற்றையும் தள்ளு என்று சொன்னால் காரியம் முடிந்துவிடும். (தமிழ் இலக்கங்களை ஜாவாஸ்கிரிப்டின் இலக்க வகுப்பு ஏற்பதில்லை என்பதைப் பழைய பத்திரங்களைக் கையாளுகிறவர்கள் மறந்துவிடலாகாது.) பெயர்களுக்கும் முகவரிகளுக்கும் இதே மார்க்கத்தைக் கைக்கொள்ளும்போதுதான் அனர்த்தம் விளைகிறது. உலகமெங்கும் பாடப் புத்தகங்களிலும் மாதிரி நிரல்களிலும் காணப்படுவது, ஆங்கில எழுத்து இருபத்தாறும் பத்து இலக்கங்களும் தவிர மற்றதை எல்லாம் நீக்கு என்கிற வரி. சொல்லுக்கு உரிய எழுத்து என்று பொருள்படுவதாகப் பின்சாய்கோட்டை அடுத்து ‘டபிள்யூ’ இட்டு எழுதுகிற குறுக்கமும் ஆங்கில எழுத்தையும் இலக்கத்தையும் அடிக்கோட்டையும் மட்டுமே எழுத்தென்று அறியும். அந்த வரியில் ‘புதுச்சேரி’யை இட்டால் மிஞ்சுவது வெற்றுச் சரம்; பிரான்சுவாவை இட்டால் வாலோடு சேர்ந்து ‘சி’யே காணாமற்போகும்.

என் படிவத்தை எழுதியவர் இந்த அளவுக்கு அஜாக்கிரதையாக இருந்தவர் அல்லர்; அதனால்தான் அவர் தவறு எனக்கு இன்னும் வேதனையளிப்பதாக இருக்கிறது. 2018ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, எந்த மொழியின் எழுத்தானாலும் எழுத்தென்று ஏற்கிற ஒரு வகுப்பை ஜாவாஸ்கிரிப்ட் அறிமுகப்படுத்தியிருக்கிறது. அவர் அதையே பயன்படுத்தி, எழுத்துகளும் இடைவெளியும் மட்டும் இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். ஆனால் யூனிகோட் கணக்கில் அகரமேறிய பகரமும் ரகரமும் எழுத்துகள். காலும் கொம்பும் புள்ளியும் எழுத்துகள் அல்ல, அவை ‘குறிகள்’ என்னும் வேறொரு வகுப்பு. குறிகளையும் காப்பாற்று என்று ஒரு சொல் கூடுதலாகச் சேர்த்திருந்தால் பாரதி பிழைத்திருப்பார். சேர்க்கவில்லை, ஆதலால் ‘புதுச்சேரி’ என்று எழுதுகிற எவருக்கும் அந்தப் படிவத்தில் ‘பதசசர’ என்பதே கிடைக்கும். முறத்தில் அரிசியைப் புடைக்கிறவளுக்குப் பதர் எது, மணி எது என்று தெரியும். தெரியாதவள் கையில் முறத்தைக் கொடுத்தால் நொய்யும் மணியும் சேர்ந்தே வெளியே போகும்.

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியவர்கள் ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியிடாமல் விட்டார்கள். சுவடியைப் படித்தவர்கள் இடம் நோக்கிப் புள்ளியைத் தம் மனத்தால் இட்டுப் படித்துக்கொண்டார்கள். அச்சு வந்தபின் நாம் திரும்பப் பெற்ற அந்தப் புள்ளியை ஒரு வரி நிரலுக்கு மறுபடியும் காவு கொடுப்பது நியாயமன்று. அதிலும் சுவடி எழுதியவர் புள்ளியை மட்டுமே விட்டார், இந்த நிரலோ கால், கொம்பு, விலங்கு அனைத்தையும் வாரிக்கொண்டு போகிறது.

தமிழில் நிரல் எழுதுகிறவர்கள் விழுகிற வேறொரு குழியையும் அந்த இளைஞர் எனக்குக் காட்டினார். ரெஜெக்ஸில் சதுர அடைப்புக்குள் சில எழுத்துகளை இட்டால், அவற்றுள் எதைக் கண்டாலும் நீக்கு என்று பொருள். ஒருவர் ‘பு’ என்ற எழுத்தை மட்டும் நீக்க எண்ணி அதை அடைப்புக்குள் இடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினி அங்கே பார்ப்பது ஓரெழுத்தை அன்று, பகரத்தையும் உகரக் குறியையும் தனித்தனியாக. ஆகவே சரத்தில் உள்ள பகரங்கள் எல்லாம் போகும், ‘து’வில் உள்ள உகரமும் ‘கு’வில் உள்ள உகரமும் சேர்ந்து போகும். உயிர்மெய்யை அடைப்புக்குள் இடலாகாது என்பதை நம் மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது நல்லது.

நீக்குவதற்கு முன் சரத்தை ஒரு கிரமத்துக்குக் கொண்டுவருவது அவசியம். ஜிப்மர் மருத்துவமனை இருக்கிற கோரிமேட்டை எடுத்துக்கொள்வோம். அதன் முதலெழுத்தில் ககரத்துக்குப்பின் ஓகாரக் குறியை 3019 என்ற ஒரே எண்ணாகவும் வைக்கலாம். இரட்டைக் கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ‘கோ’ என்றே தெரியும். ஒன்றோடொன்றை ஒப்பிடச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் வேறு வேறு என்று தீர்ப்புச் சொல்லும். நமது யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயின் பெயரைப் பிரெஞ்சில் எழுதும்போதும் இதே வியாதிதான்: மேலே கோடிட்ட ‘ஈ’யை 233 என்ற ஓர் எண்ணாகவும் எழுதலாம், வெறும் ‘ஈ’யின் எண்ணாகிய 101ஐயும் கோட்டின் எண்ணாகிய 769ஐயும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். இந்த வேற்றுமையைப் போக்கி ஒரே வடிவுக்குக் கொண்டுவர ‘நார்மலைஸ்’ என்னும் கட்டளை 2015 முதல் இருக்கிறது. அதை முதலில் செய்துவிட்டு, பிறகு மற்றத் துப்புரவைத் தொடங்குவதே முறை.

இதே நார்மலைஸ்தான் இருமொழிப் பட்டணமாகிய எங்களூருக்கு ஒரு பெரிய ஆபத்தையும் கொண்டுவருகிறது. பிரெஞ்சுப் பெயர்களைத் தேடுகிறவர் கோட்டையும் வாலையும் தட்டச்சுச் செய்ய மாட்டார் என்பதற்காக, எழுத்தையும் குறியையும் பிரித்துவிட்டு, குறிகள் எல்லாவற்றையும் நீக்கிவிடுகிற ஒரு வரி நிரலாளரிடையே பிரசித்தம். மாஹேயின் கோடும் பிரான்சுவாவின் வாலும் அதனால் நீங்கும். தேடுவோர்க்கு அது உபகாரமே. ஆனால் பிரெஞ்சும் தமிழும் கலந்த ஒரு பட்டியலில் அதே வரியை ஓட்டினால், நீக்கப்படும் குறிகளுக்குள் தமிழ்ப் புள்ளியும் உயிர்க்குறிகளும் அடங்கிவிடும். 768 முதல் 879 வரை உள்ள ஐரோப்பியக் குறிகளை மட்டும் நீக்கு என்று எல்லை கட்டிச் சொன்னால் இந்த விபத்து நேராது. பாரிஸில் எழுதிய வரியைப் புதுவையில் அப்படியே ஓட்டலாகாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாதவை எல்லாம் குப்பை என்ற எண்ணமும் தவறு. எங்கள் பிரதேசத்தின் நான்கு பகுதிகளில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ் பேசுகிறார்கள். மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. உயிரேறாத மெய்யைக் காட்டும் மலையாளச் சில்லெழுத்துகளுக்கு 2008இல் தனி எண் கிடைக்கும் வரையில், 8205ஆம் எண்ணுள்ள அகலமற்ற இணைப்பான் ஒன்றைச் சேர்த்தே அவற்றை எழுதிவந்தார்கள். அந்தக் காலத்து ஆவணங்களிலிருந்து இணைப்பானைக் குப்பையென்று நீக்கினால் சில்லெழுத்து நம் புள்ளியை ஒத்த சந்திரக்கலை ஏறிய வேறு வடிவமாகத் திரியும். தெலுங்கில் அயல்மொழிச் சொற்களை எழுதும்போது மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்று சேர்ந்துவிடாமல் தடுப்பது 8204ஆம் எண்ணுள்ள பிரிப்பான். தமிழிலும் சைக்கிள் ரிக்ஷாவின் பெயரில் ககரமெய்யும் ஷகரமும் கூட்டெழுத்தாகப் பின்னிக்கொள்ளாமல் தனித்து நிற்க விரும்புகிறவர்கள் இடையில் அதே பிரிப்பானைத்தான் வைக்கிறார்கள். 8203ஐத் தள்ளலாம், 8204ஐயும் 8205ஐயும் தள்ளுமுன் எந்த மொழி என்று கேட்க வேண்டும்.

நிறுத்தற்குறிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முற்றுப்புள்ளி, கோடு, மேற்கோள் ஆகியவற்றை அடியோடு நீக்குகிறவர்கள், இந்த ஊரில் தலைமறைவாக வாழ்ந்த வ. வே. சு. ஐயரின் பெயரைத் தங்கள் நிரலில் ஒருமுறை இட்டுப் பார்க்கட்டும். தலைப்பெழுத்துகளின் புள்ளியும் இடைவெளியும் போனபின் எது பெயர், எது தலைப்பெழுத்து என்று பின்னால் வருகிறவன் எப்படி அறிவான்?

வேண்டாததை நீக்குவதற்கு உத்தமமான முன்மாதிரியைத் தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை. 1955இல் இங்கே தோன்றிய பிரெஞ்சு நிறுவனத்தில், அறிஞர் என். ஆர். பட் முதலானோர் சைவாகமச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடித் திரட்டி, ஒப்பிட்டு, பதிப்பித்தார்கள். அந்நிறுவனத்திலும் இங்குள்ள தூர கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியிலும் இருக்கிற ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சுவடியில் எழுத்துப் பிழை இருக்கும், ஒரே வரி இருமுறை வந்திருக்கும், ஏடெழுதியவரின் கைத்தவறால் இடையில் வேண்டாத எழுத்து நுழைந்திருக்கும். பதிப்பாசிரியர் அதைத் திருத்துகிறார், திருத்துவது பிரதியில். ஓலை அப்படியே பெட்டியில் இருக்கிறது. தாம் ஏற்காத பாடத்தையும் அவர் அழித்துவிடாமல் அடிக்குறிப்பில் பாடபேதமாகக் காட்டுகிறார். தம் அபிப்பிராயம் தவறாக இருந்தால் பின்னால் வருகிறவர் மூலத்துக்குத் திரும்பிப் போகலாம். மாற்ற முடியாத சரத்தையும் புதுப் பிரதியையும் தரும் ஜாவாஸ்கிரிப்ட், இந்தச் சௌகரியத்தை நிரலாளருக்குத் தானாகவே கொடுத்திருக்கிறது.

ஆகையால், எங்கள் ஊர் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் படிவம் எழுதுகிற இளைஞர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். மக்கள் எழுதித் தந்த பெயரை அவர்கள் தந்தபடியே ஓரிடத்தில் வையுங்கள். தேடுவதற்கும் ஒப்பிடுவதற்கும் வேண்டிய துப்புரவை அதன் நகலில் செய்யுங்கள். நீக்குகிற வரியை வெளியே விடுமுன், தமிழில் ‘புதுச்சேரி’யையும் ‘கோரிமேடு’ என்பதையும், பிரெஞ்சில் பிரான்சுவாவையும் மாஹேயையும், மலையாளத்தில் சில்லெழுத்து வருகிற ஒரு சொல்லையும், தெலுங்கில் ஓர் அயற்சொல்லையும் அதற்குள் இட்டுப் பாருங்கள். ஆறும் உருமாறாமல் வெளியே வருகிற வரையில் அந்த வரியைத் திருத்திக்கொண்டே இருங்கள்.